ராமாமணியின் சீர்வரிசை

இடது தோளுக்கும் காதுக்கும் நடுவில் கைபேசி. மடியில் குடல் உருவப்பட்ட ஒரு தண்ணீர் மோட்டார். வலது கை மூங்கில் பட்டையால் செம்புக் கம்பியை அதன் ஒவ்வொரு காடிப் பள்ளத்திலும் அழுத்தி இறக்கிக்கொண்டிருக்கிறது.

"ஏனுங்க, கண்ணாலத்து ஊட்டுலயா இருக்கீங்க? நல்லதுங்க. சாப்பிட்டுப்போட்டு மூணு மணிக்குப் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு வந்துருங்க. இன்னைக்கு மாசத்து முதல் வெள்ளியல்லங்க," என்கிறார் ராமாமணி. எதிர்முனை நீளமாக ஏதோ காரணம் சொல்கிறது. முழுவதையும் பொறுமையாகக் கேட்கிறார். "செரிங்க, முடியலைன்னா பரவால்லீங்க. மத்தியானம் நானே ஊட்டுக்கு வாரேனுங்க."

எதிர்முனை உடனே மூன்று மணிக்கு வர ஒப்புக்கொண்டுவிடுகிறது. ராமாமணி வீட்டுக்கு வந்தால் என்ன ஆகும் என்று அந்த ஊரில் தெரியாதவர்கள் இல்லை. ஒன்றும் ஆகாது, அதுதான் தொல்லை. திட்டமாட்டார், கோபப்படமாட்டார். மாடு கன்று போட்டதா என்று விசாரிப்பார், கொடுத்த மோரைக் குடிப்பார், பிறகு பேசாமல் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்வரை எழுந்திருக்கமாட்டார். இப்படிப்பட்ட விருந்தாளியை எந்த வீடு தாங்கும்?

கோவையிலிருந்து அன்னூர் போகிற வழியில் உள்ளே தள்ளி ஓர் ஊர். பெயர் வேண்டாம், அங்கே உள்ள அரசு மேல்நிலைப்பள்ளியின் தலைமையாசிரியர் நல்ல மனிதர், அவருக்குச் சங்கடம் கொடுப்பானேன். அந்தப் பக்கம் எனக்கு ஒரு சின்னத் தென்னந்தோப்பு உண்டு. அதன் போர்வெல் மோட்டார் வருஷத்துக்கு ஒரு முறையாவது கருகாமல் இருப்பதில்லை. எலக்ட்ரீஷியன் அதைத் தூக்கிக்கொண்டு போய் இறக்கிய இடம் ராமாமணி வேலை பார்க்கும் வைண்டிங் கடை. வார்னிஷ் வாசனை தூக்கியடிக்கும் அந்தத் தகரக் கொட்டகையில்தான் அவரை முதலில் பார்த்தேன். மோட்டார் தயாராகும்வரை உட்கார்ந்திருந்த நேரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் நிர்வாகமே என் கண்முன் நடந்துகொண்டிருந்தது.

நாற்பதைத் தொடும் வயது. குள்ளமான உருவம், விறைப்பாக இழுத்துக் கட்டிய கொண்டை. வீட்டில் தெலுங்கு, வெளியில் சுத்தக் கொங்குத் தமிழ். கம்பிச் சுற்று எண்ணுவது மட்டும் எப்போதும் தெலுங்கில்தான். எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் உள்ளங்கையை உயர்த்திக் காட்டுவார். முதலாளியே வந்தாலும் அந்தக் கை இறங்குகிறவரை காத்திருக்க வேண்டும். டீயை ஆறவைத்துத்தான் குடிப்பார். சிரிப்பு வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். ஆனால் தோள் குலுங்குவதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவர் ஆனது தற்செயல். ஒரு தாயார்தான் தலைவராக இருக்க வேண்டும் என்பது விதி. இவருடைய மகள் ஹர்ஷிணி அப்போது அங்கே எட்டாவது படித்தாள். வாயில்லாப் பூச்சி, வம்பு வராது என்று ஊர்ப் பெரியவர்கள் கணக்குப் போட்டு இவர் பெயரைச் சொன்னார்கள். கூட்டத்தில் உட்கார்ந்து பேசப்போவது எப்படியும் கணவர்தானே என்ற நினைப்பு வேறு. முதல் கூட்டத்துக்குக் கணவர் ஸ்ரீனிவாஸ் அயர்ன் செய்த சட்டையோடு முன்வரிசையில் வந்து உட்காரவும் செய்தார். ராமாமணி அவரை நாற்காலி எடுத்துவர அனுப்பினார். பிறகு டீ சொல்ல அனுப்பினார். பிறகு அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்து வீட்டுக்கு அனுப்பினார். அதோடு சரி. அந்த மனிதர் இன்றுவரை கூட்டம் நடக்கும் அறைக்குள் கால் வைத்ததில்லை, கேட்டால் தன் மனைவியைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசுகிறார்.

அதற்கு முன்பெல்லாம் குழுக் கூட்டம் என்றால் வடை, டீ, கையெழுத்து. அதற்கும் ஆள் வருவதில்லை. பிள்ளைகளிடம் சீட்டுக் கொடுத்தனுப்பினாலும் வாட்ஸப்பில் தகவல் போட்டாலும் பெற்றோர் எட்டிப் பார்க்கவில்லை. ஊருக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று ஆசிரியர்கள் நொந்துகொண்டார்கள். ராமாமணிக்கு நோய் வேறு இடத்தில் தெரிந்தது. "கூப்படாத எடத்துக்கு எங்க சனம் எப்படீங்க வரும்?" என்றார் என்னிடம். வீடு தேடிப்போய், நின்று, வாயால் அழைத்தால்தான் அழைப்பு. இல்லையென்றால் சொந்த அண்ணன் வீட்டு விசேஷத்துக்கே போகாத ஊர் அது. எனவே அவர் வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு கிளம்பினார். வேலை முடிந்த மாலைகளில் வீடு வீடாகப் போய்ப் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு முறைப்படி அழைத்தார். அந்த மாதம் உட்கார பெஞ்சு போதவில்லை.

வந்த கூட்டத்துக்கு வேலை வேண்டுமே. கல்விச்சீர் கொண்டுபோகலாம் என்று முடிவானது. தாய்மாமன் வீட்டார் சீர் எடுத்து வருவதுபோல ஊரே மேளதாளத்தோடு தட்டுகளை ஏந்திப் போய்ப் பள்ளிக்கு வேண்டிய பொருள்களைக் கொடுப்பது. நல்ல ஏற்பாடு. ஆனால் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சீர் என்றவுடன் அவரவர் கல்யாணத்துக்கு என்ன கொடுப்பார்களோ அதைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். சுவர்க் கடிகாரமாகக் குவிந்தது. நடுநடுவே குத்துவிளக்கும் ஹாட்பாக்ஸும். 'அன்பளிப்பு' என்று பெயர் எழுதியதைக் கழற்றினால் கோபித்துக்கொள்வார்கள் என்பதால் அத்தனை கடிகாரத்தையும் தலைமையாசிரியர் தன் அறையிலும் ஆசிரியர் அறையிலும் மாட்டி வைத்திருக்கிறார். ஒன்று காட்டும் நேரம் இன்னொன்று காட்டாது. அந்த அறையில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தால் தலை சுற்றுகிறது.

பள்ளிக்கு உண்மையில் வேண்டியிருந்தது வேறு. பெண்பிள்ளைகளின் கழிப்பறை. கட்டடம் இருந்தது. கதவுகள் உளுத்து விழுந்துவிட்டன, பீங்கான்கள் உடைந்துவிட்டன, குழாயில் தண்ணீர் வந்து யாரும் பார்த்ததில்லை. குழு தீர்மானம் போட்டு மேலே அனுப்பியது. மேலிருந்து ஆகட்டும் என்று பதில் வந்தது, ஆள் வரவில்லை. பெரிய வகுப்புப் பெண்கள் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் மாலை திரும்பும்வரை சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. மாதத்தில் சில நாள்கள் பள்ளிக்கே வருவதில்லை.

பத்தாவது படிக்கும் யுவஸ்ரீ மயங்கி விழுந்தது அந்தச் சமயத்தில்தான். சிறுநீர்த் தடத்தில் தொற்று, காய்ச்சல், ஆஸ்பத்திரி. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்றார் டாக்டர். அவளுடைய அப்பா தனபால் தறி ஓட்டுகிறவர், தாயில்லாத பெண்ணை ஒற்றை ஆளாக வளர்க்கிறவர். அவர் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். உடம்பு தேறியதும் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு அனுப்புவதாகப் பேச்சு.

ராமாமணி போய் அவர் வீட்டில் உட்கார்ந்தார். மறுநாளும் போய் உட்கார்ந்தார். இந்த முறை அந்த வித்தை பலிக்கவில்லை. தனபால் மரியாதையாக எழுந்து நின்றே பேசினாராம். "புள்ளைய நான் படிக்க வேண்டாங்கலீங்கக்கா. அங்க கதவு வரட்டுங்க, நானே வண்டியில கொண்டாந்து உடறேன். கதவில்லாத எடத்துக்கு எப்படீங்க அனுப்பறது?" முழுப் பரீட்சை வர இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன. அதுவரை வீட்டிலிருந்தால் அந்தப் பெண் மறுபடி பள்ளிக்கூடத்தைப் பார்க்கப்போவதில்லை என்பது இருவருக்குமே தெரியும்.

குழுவில் திருமலைசாமி என்று ஒருவர் உண்டு. நூல் மில் முதலாளி, ஊர்ப் பெரியவர் என்ற முறையில் உறுப்பினர். கை தாராளமானவர்தான். பள்ளிக்கு நுழைவு வளைவு கட்டித் தருகிறேன், தகப்பனார் பெயரை மேலே பொறிக்கலாம் என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ராமாமணி அவரிடம் கழிப்பறையைப் பற்றிப் பேசினார். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "அம்மிணி, எங்க நாயனா பேரை அங்க எழுத முடியுங்களா?" என்று கேட்டார். பேரே எழுத வேண்டாமே என்றதற்குப் பார்க்கலாம் என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

சரி, இந்த வருஷச் சீரில் அதைக் கொண்டுபோவோம் என்றார் ராமாமணி. மகளிர் குழுப் பெண்களும் வைண்டிங் கடைப் பெண்களும் பங்கு போட்டுப் பொருள் வாங்கத் தயார். கதவு, பீங்கான், குழாய், வாளி எல்லாம் வாங்கியாகிவிட்டது. ஆனால் தட்டில் வைத்துத் தெருவில் ஏந்திப்போவது யார்? சீர் என்பது ஊர் பார்க்கப் போவது. யார் தட்டில் என்ன இருந்தது என்று பத்து வருஷம் கழித்தும் பேசுவார்கள். மேளத்துக்கு முன்னால் அதைத் தூக்கிக்கொண்டு நடப்பதா? ராத்திரியோடு ராத்திரியாக வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிடலாம் என்றார்கள். ராமாமணி ஒத்துக்கொள்ளவில்லை. "ஒளிச்சுக் கொண்டுபோனா அது களவு மாதர ஆயிருமுங்க. தட்டை நான் எடுத்துக்கறேன். நீங்க பொறத்தால வந்தாப் போதும்."

என்னை அழைக்க ஆர்.எஸ்.புரத்துக்கே வந்துவிட்டார். இரண்டு பஸ் மாறி, வேர்க்க விறுவிறுக்க மாடியேறி வந்து வெற்றிலை பாக்கை நீட்டினார். என் மோட்டாரைச் சரிசெய்தவர் என்பதைத் தவிர எங்களுக்குள் என்ன உறவு? தோப்பு அந்த ஊர் எல்லையில் இருப்பதால் நானும் ஊர்க்காரன்தானாம். போகாமல் இருக்க முடியுமா?

போனேன். நான் அன்று பார்த்ததை இதுவரை எங்கேயும் பார்த்ததில்லை.

மாரியம்மன் கோயில் வாசலில் காலை வெயில். ராமாமணி தன் கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டியிருந்தார், அரக்கு நிறம். தலையில் சும்மாடு. அதன்மேல் பெரிய பித்தளைத் தாம்பாளம். தாம்பாளத்தில், மஞ்சள் குங்குமம் வைத்து மல்லிகைச் சரம் சுற்றிய வெள்ளைக் கழிப்பறைப் பீங்கான். அவருக்குப் பின்னால் பழத்தட்டும் பிஸ்கட் தட்டுமாகப் பெண்கள் நாலு கை தூரம் விட்டே நின்றார்கள். மேளக்காரர்கள் அடிக்கத் தொடங்கியவர்கள், திரும்பி அந்தத் தாம்பாளத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். இதற்கு என்ன அடி அடிப்பது என்று அவர்களுக்குக் குழப்பம்.

"ஏனுங்க நிறுத்திப்போட்டீங்க? சீருக்கு அடிக்கறதை அடிங்க," என்றார் ராமாமணி.

அடித்தார்கள். அவர் நடந்தார். கடைவீதியில் வியாபாரம் நின்றது. டீக்கடையில் யாரோ சிரித்தார்கள், கூட யாரும் சேராததால் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் யாரையும் பார்க்கவில்லை, தலையையும் குனியவில்லை. பாரம் கழுத்தில் இறங்குவது நரம்பு புடைத்ததில் தெரிந்தது. மெடல் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன், மேடையில் கர்ஜித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓர் ஊரின் வெட்கம் முழுவதையும் ஒருத்தி தன் தலையில் எடுத்து வைத்துக்கொண்டு பட்டுப்புடவையில் நடந்துபோனதைப் போல எதுவும் என்னை உலுக்கியதில்லை.

சத்துணவு சமைக்கும் ராமாத்தாள்தான் முதலில் அசைந்தார். கையிலிருந்த ஆப்பிள் தட்டைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு, கூடவே வந்த வண்டியிலிருந்த வாளியையும் மக்கையும் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு ராமாமணிக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தார். பிறகு ஒருத்தி குழாய்க் கட்டு ஒன்றை எடுத்தாள். ஒருத்தி கழுவும் பிரஷ்ஷை, சத்தியமாகச் சொல்கிறேன், சந்தனம் தொட்டு வைத்துத் தட்டில் ஏந்திக்கொண்டாள். அந்த நாலு கை இடைவெளி எப்போது மறைந்தது என்று தெரியவில்லை.

கதவுகள் ஹார்டுவேர் கடை வாசலில் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. ஆண்கள் தூக்க வேண்டும் என்று பேச்சு. ஆண்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள். ராமாமணி கடைக்கு முன்னால் நின்றார். அவர் வீடு வீடாக உட்காருவதைப்போல அங்கே நின்றார், தலையில் பாரத்தோடு. மேளக்காரர்களும் அங்கேயே நின்று அடித்தார்கள். கூட்டத்தில் ஓரமாய் நின்ற தனபால் வந்து ஒரு கதவின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனைக்கு ஆள் இல்லை. எதிர்ச் சாரியில் மில் ஆபீஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த திருமலைசாமி மெதுவாகத் தெருவைக் கடந்து வந்தார். தோள் துண்டை எடுத்துச் சுருட்டி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மறுமுனையைத் தூக்கினார். தறி ஓட்டுகிறவரும் மில் முதலாளியுமாகக் கழிப்பறைக் கதவைத் தூக்கிக்கொண்டு போனதை ஊர் பார்த்தது. மற்ற கதவுகளுக்கு அதற்குப் பிறகு போட்டி.

பள்ளி வாசலில் தலைமையாசிரியர் திகைத்துப்போய் நின்றார். அவர் நாகர்கோவில்காரர், கடிகாரச் சீருக்குப் பிறகும் அந்த முறை பிடிபடவில்லை, அதிலும் இந்தச் சீர். ராமாமணி இறக்கி வைக்கவில்லை, காத்திருந்தார். அந்த மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் வந்து இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டார். நல்ல மனிதர் என்று சும்மாவா சொன்னேன்.

மில்லிலிருந்து திருமலைசாமி அனுப்பிய கொத்தனாரும் பிளம்பரும் சில நாள்களில் வேலையை முடித்தார்கள். தனபால் சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த மாத முதல் வெள்ளியன்று காலையில் யுவஸ்ரீயை வண்டியில் கொண்டுவந்து விட்டார். மூன்று மணிக் கூட்டத்துக்கும் வந்து உட்கார்ந்தார். நானும் போயிருந்தேன்.

மைதானத்தின் மூலையில் கழிப்பறை பளபளவென்று நின்றது. வெளிக்கதவின் குறுக்கே ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. விஷயம் இதுதான்: ஓர் அதிகாரி வந்து திறந்துவைப்பதாகச் சொல்லியிருக்கிறார், தேதி இன்னும் வரவில்லை. அதுவரை யாரும் தொடக்கூடாது. புதிதாக எது வந்தாலும் பெரியவர் ஒருவர் வெட்டுகிறவரை பூட்டி வைப்பதுதானே நம் வழக்கம். தலைமையாசிரியர் கையைப் பிசைந்துகொண்டு, கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளலாம், நாளைக்குத் தனக்குத்தான் கேள்வி வரும் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

அப்போது வகுப்பு டீச்சர் தயங்கிக்கொண்டே வந்து, யுவஸ்ரீ போக வேண்டும் என்கிறாள், காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருக்கிறாள், என்ன செய்வது என்று கேட்டார். அந்தப் பெண் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தனபால் எழுந்தார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. "செரிங்க சார். வா கண்ணு, ஊட்டுக்குப் போலாம்," என்று மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். அவர் வண்டியைக் கிளப்பினால் அதோடு முடிந்தது என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும்.

ராமாமணி நாற்காலியை விட்டு எழுந்தார். யுவஸ்ரீயின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைக் கடந்தார். நாங்களும் பின்னாலேயே போனோம், தடுக்கவா பார்க்கவா என்று எங்களுக்கே தெரியாது. அவர் ரிப்பனின் முடிச்சை விரலால் நெகிழ்த்தி அவிழ்த்தார், மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். கதவைத் திறந்தார். பெண் உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

கதவில் முதுகைச் சாய்த்து, எங்களைப் பார்த்து நின்றார் ராமாமணி. தலைமையாசிரியர், திருமலைசாமி, தனபால், நான் எல்லாரும் அவருக்கு எதிரே கூட்டமாக நின்றுகொண்டிருந்தோம். அவர் ஆள்காட்டி விரலை உயர்த்தி, திரும்பி நில்லுங்கள் என்று காற்றில் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார்.

திரும்பி நின்றோம்.